மணிபல்லவத்திற் காலமும் உறவும்

மனிதருடைய உறவுகள் யாவும் காலத்தினுள்ளே தோன்றுவன, காலத்தினுள்ளே வளர்வன, காலத்தினாலேயே மாறுவன. தாய், மகவு, கணவன், மனைவி, உடன்பிறந்தார் என்னும் பெயர்கள் நிலையானவை போலத் தோன்றினும், அப்பெயர்களுக்கு உரியார் நிலையானவரல்லர். இன்று மகனாயிருப்பவன் நாளை தந்தையாவான். இன்று ஒரு கூரையின்கீழ் வாழ்பவர் நாளை கடலுக்கு அப்பாலிருந்து கடிதம் எழுதுவர். இம்மாற்றம் உலகத்துப் பேரிலக்கியங்களிற் பலவற்றுக்குக் கருப்பொருளாயிற்று. கிரேக்கருடைய ஒடிசி, இருபது ஆண்டு கழித்து வீடு திரும்பும் ஒருவனையும் அவனுக்காகக் காத்திருந்த மனைவியையும் பற்றியது. காளிதாசரின் சாகுந்தலத்தில், அரசன் தான் மணந்தவளையே மறந்துபோகின்றான். தொலைந்த மோதிரம் ஒன்று மீண்டு வந்தபின்னரே அவன் நினைவு திரும்புகின்றது.

தமிழிலே இப்பொருளை மிக ஆழமாக நோக்கிய நூல் சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலை எனலாம். முப்பது காதைகளாலான அக்காப்பியம் துறவையும் பௌத்த அறத்தையும் போதிப்பதென்பது பலரும் அறிந்ததே. 1898ஆம் ஆண்டில் உ. வே. சாமிநாதையர் அதனை அச்சிற் பதிப்பித்த நாள்தொட்டு, அதன் சமயக் கருத்துகளும் தருக்கப் பகுதிகளும் பெரிதும் ஆராயப்பட்டுள்ளன. ஆயினும், காலம் மனித உறவை என்ன செய்கின்றது என்னும் வினா அந்நூலின் அடியிலே ஓடுகின்றது என்பதும், அவ்வினாவுக்கு விடை தேடும் களமாகச் சாத்தனார் கொண்டது ஒரு தீவு என்பதும் தனித்து நோக்கத்தக்கவை.

பொழுதும் பிரிவும்

மணிமேகலையின் புதுமை விளங்கவேண்டுமாயின், அதற்கு முந்திய அகமரபு காலத்தை எவ்வாறு கண்டது என்பதை முதலில் நோக்குதல் வேண்டும். தொல்காப்பியர் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார். நிலமும் காலமும் இன்றி உறவு நிகழாது என்பதே அதன் கருத்து. கார்காலமும் மாலைப்பொழுதும் முல்லைக்கு உரியன. கூதிரும் யாமமும் குறிஞ்சிக்கு உரியன. விடியற்பொழுது மருதத்துக்கு உரியது. எற்பாடு நெய்தலுக்கு உரியது. மருதத்துக்கும் நெய்தலுக்கும் பெரும்பொழுது இன்னதென்று அவர் வரையறுத்துக் கூறவில்லை. கடற்கரையில் இரங்கி நிற்பவளுக்கு எல்லாப் பருவமும் ஒன்றே போலும்.

அகப்பாடல்களிற் காலம் அளக்கப்படுவது நாழிகையால் அன்று, காத்திருத்தலால். கார் தொடங்குமுன் மீள்வேன் என்று தலைவன் சொல்லிச் செல்கின்றான். முகில் எழுந்ததும், இது கார் அன்று, காலமல்லாக் காலத்துப் பெய்யும் மழை என்று தோழி தேற்றுகின்றாள். பிரிந்த நாள்களைச் சுவரிலே கோடிட்டு எண்ணுகின்ற தலைவியும் உண்டு. இவ்விடங்களிலெல்லாம் காலம் என்பது இரண்டு சந்திப்புகளுக்கு இடைப்பட்ட வெளியே. பிரிந்தவர் மீள்வர் என்னும் நம்பிக்கை அதனைத் தாங்கி நிற்கின்றது.

கடற்பயணத்தைப் பற்றித் தொல்காப்பியர் கூறும் விதி ஒன்று ஈண்டு நினைவுகூரத்தக்கது. பெண்டிரை உடன்கொண்டு கடல் கடத்தல் மரபன்று என்பது அவர் கொள்கை. எனவே கடல் கடத்தல் என்பதே பிரிதல் என்றாகின்றது. நிலவழிப் பிரிவிலே தலைவன் செல்லும் சுரமும் காடும் தலைவியின் கற்பனைக்கு எட்டுவன. கடல்வழிப் பிரிவிலே கண்ணுக்கெட்டிய தூரம் நீரன்றி வேறொன்றும் இல்லை. தீவுகளில் வாழ்வோர் இவ்வேறுபாட்டை நூல் வாயிலாக அறியவேண்டியதில்லை.

தீவின் அடையாளம்

மணிமேகலை கூறும் மணிபல்லவம் காவிரிப்பூம்பட்டினத்துக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ளது. அங்கே புத்தபீடிகை ஒன்றும், கோமுகி என்னும் பொய்கையும், பீடிகையைக் காக்கும் தீவதிலகை என்னும் தெய்வமும் உள்ளன. இத்தீவு யாது என்பதில் அறிஞரிடையே கருத்து வேற்றுமை உண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டையே அது குறிக்கும் என்பார் சிலர். நயினாதீவே மணிபல்லவம் என்பார் பலர். நயினாதீவின் பழம்பெயர்களுள் ஒன்று நாகதீவு என்பதும், அங்கே நாகபூசணி அம்மன் கோயிலும் நாகவிகாரையும் அருகருகே விளங்குவதும் இரண்டாவது கொள்கைக்குத் துணையாகக் காட்டப்படுகின்றன. காப்பியப் புலவன் அமைத்த ஒரு தீவை நிலப்படத்திலே ஐயமின்றிக் குறித்தல் எளிதன்று. எனினும், பாக்குநீரிணையின் தென்கரையிற் சிதறிக் கிடக்கும் இத்தீவுக் கூட்டத்தை அறிந்தோர் வாயிலாக வந்த செய்திகளே சாத்தனாருக்குக் கிடைத்திருத்தல் வேண்டும் எனக் கொள்வதில் தவறில்லை.

பீடிகையின் வரலாறே ஓர் உறவுப் பகையின் வரலாறாகும். அதனைத் தமதென்று கூறி நாகநாட்டு மன்னர் இருவர் பொருதனர் என்றும், புத்தர் தோன்றி அறம் உரைத்து அப்போரைத் தணித்தார் என்றும் மணிமேகலை கூறும். மகாவம்சம் இதனோடொத்த செய்தியை நாகதீபத்தின்மேல் ஏற்றி, பொருதவர் மகோதரன், சூளோதரன் என்னும் மாமனும் மருகனும் என்று உரைக்கின்றது. மணியாசனம் ஒன்றுக்காக மாமனும் மருகனும் படை திரட்டினர். அவ்வாசனம் இறுதியில் இருவருக்கும் உரியதாகாது வழிபாட்டுப் பொருளாயிற்று. உரிமைக்காக உறவை இழந்த இடம், பின்னர் இழந்த உறவுகளை உணர்த்தும் இடமாக மாறியது என்பது இக்கதையிற் காணப்படும் நுட்பம்.

பீடிகை காட்டிய உறவு

உவவனத்திலே துயின்ற மணிமேகலையை அவள் பெயருடைய தெய்வமாகிய மணிமேகலா தெய்வம் இரவோடிரவாக எடுத்துச் சென்று மணிபல்லவத்திற் கிடத்துகின்றது. அப்பெயரிலேயே ஒரு காலக்கதை அடங்கியுள்ளது. கோவலனுடைய முன்னோன் ஒருவன் கலம் கவிழ்ந்து கடலிலே தத்தளித்தபொழுது அத்தெய்வம் அவனைக் காத்தது. அந்நன்றியை மறவாத கோவலன் தன் மகளுக்கு அப்பெயரை இட்டான். தலைமுறைகள் கடந்தும் ஒரு கடன் பெயராக நின்றது. அப்பெயருடையாளை அத்தெய்வமே மீண்டும் கடல் கடத்தியது.

விழித்தெழுந்த பெண் காண்பது தனக்குப் பழக்கமில்லாத மணற்கரை. தோழி சுதமதியைக் கூவி அழைக்கின்றாள், விடையில்லை. இறந்துபட்ட தந்தை கோவலனை நினைந்து அரற்றுகின்றாள். உறவினர் எவரும் இல்லாத ஓரிடத்திலே, உறவின் பெயர்களை மட்டும் வாய்விட்டு அழைக்கும் நிலை அது. அதன் பின்னரே பீடிகை அவள் கண்ணிற் படுகின்றது. பழம்பிறப்பு உணர்வு தோன்றுகின்றது. முற்பிறப்பில் அவள் இரவிவன்மன் என்னும் அரசனின் மகளாகிய இலக்குமி. அவள் கணவன் இராகுலன். திட்டிவிடம் என்னும் பாம்பினால் அவன் இறக்க, அவள் தீப்புகுந்தாள். அவ்விராகுலனே இப்பிறப்பில் அவளைப் பின்தொடரும் சோழ இளவரசன் உதயகுமரன். அப்பிறப்பில் தமக்கையராயிருந்த தாரையும் வீரையும் இப்பிறப்பில் தாய் மாதவியும் தோழி சுதமதியும் ஆயினர்.

இங்கே சாத்தனார் செய்வது எளிய கதைத் திருப்பம் அன்று. தமக்கை தாயாகின்றாள், இன்னொரு தமக்கை தோழியாகின்றாள், கணவன் அஞ்சி விலகவேண்டிய அயலான் ஆகின்றான். ஆட்கள் மாறவில்லை, உறவின் பெயர்களே இடம் மாறின. அங்ஙனமாயின் உறவு என்பது பெயரிலே உள்ளதா, பெயருக்கு அடியிலுள்ள வேறொன்றிலே உள்ளதா என்னும் வினா எழுகின்றது. உதயகுமரனிடத்துத் தன் நெஞ்சம் சென்றமைக்குக் காரணம் இப்பழைய தொடர்பே என மணிமேகலை உணர்ந்தாள். ஆயினும் அவ்வுணர்வு அவளை அவனிடம் சேர்ப்பிக்கவில்லை. பழைய உறவை அறிதல் வேறு, அதனை மீட்டல் வேறு என்பதே பீடிகை கற்பித்த முதற்பாடம்.

இப்பாடத்தின் கடுமை பின்னர் வெளிப்படுகின்றது. உதயகுமரன் வெட்டுண்டு கிடந்தபொழுது, முற்பிறப்புக் கணவனாதலின் மணிமேகலை துடித்து அவனுடலை அணுக முற்பட்டாள். கந்திற்பாவை அவளைத் தடுத்தது. மகனை இழந்த அரசமாதேவி அவளைச் சிறையிட்டு வருத்தி, பின்னர் உண்மையுணர்ந்து கலங்கி நின்றாள். அவளிடம் மணிமேகலை வினவிய வினா இந்நூலின் நடுநாடி எனலாம். அழுகை உடலுக்காயின், அவ்வுடலைச் சுடுகாட்டிற்கு அனுப்பியவர் யார்? உயிருக்காயின், அது புகுந்த இடம் யார்க்கும் தெரியாதது. ஆதலின் அவ்வுயிரின்மேல் அன்புடையார் எவ்வுயிர்க்கும் இரங்குதல் வேண்டும் என்பது அவள் கருத்து. தாய்க்கு மகன்மேலுள்ள அன்பை அவள் மறுக்கவில்லை. காலம் அவ்வன்பின் இலக்கைப் பறித்துவிட்டபொழுது, அன்பு செல்லுதற்குரிய வழி எது என்பதையே காட்டினாள்.

பன்னீராண்டுக் காத்திருப்பு

உதயகுமரன் இறந்தவாறும் காலத்தின் கொடுமையை உணர்த்துவதாகும். விஞ்சையன் காஞ்சனன் மனைவி காயசண்டிகை, முனிவன் ஒருவன் சாபத்தால் யானைத்தீ என்னும் பெரும்பசி நோயுற்றுப் பன்னீராண்டு வருந்தினாள். அக்காலம் முடிவதைக் கணவன் எண்ணிக் காத்திருந்தான். மணிமேகலையின் அமுதசுரபியிலிருந்து ஒருபிடி உணவு பெற்று நோய் தீர்ந்த காயசண்டிகை தன் நாடு நோக்கி வான்வழியே சென்றாள். விந்தமலையின் மேலே பறந்தமையால் அம்மலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றில் அடங்கினாள். அவளைத் தேடிவந்த காஞ்சனனோ, காயசண்டிகை வடிவு கொண்டிருந்த மணிமேகலையைத் தன் மனைவியென மயங்கி, அவளைத் தொடர்ந்த உதயகுமரனை வாளால் வீழ்த்தினான்.

அகப்பாடலில் வரும் காத்திருப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு தெளிவு. அங்கே பருவம் வந்தால் தலைவனும் வருவான். இங்கே பன்னீராண்டும் பிழையின்றி எண்ணப்பட்டன. எண்ணியவன் உரிய காலத்தில் வந்தும் சேர்ந்தான். ஆனால் காத்திருக்கப்பட்டவள் அங்கில்லை. உருவத்தை அறிந்தவன் ஆளை அறியவில்லை. காலம் கடந்து செல்வதனாலே மட்டும் பிரிவு தீர்ந்துவிடுவதில்லை என்பது இதனாற் பெறப்படும்.

இதற்கு மாறாக ஆதிரையின் கதை அமைந்துள்ளது. கணிகையிடம் பொருளிழந்த சாதுவன் வாணிகத்தின் பொருட்டுக் கலமேறினான், கலம் கவிழ்ந்தது, அவன் நாகர்வாழ் மலையொன்றின் கரையில் ஒதுங்கினான். அவன் இறந்தான் எனக் கேள்வியுற்ற ஆதிரை தீமூட்டிப் புகுந்தாள்; தீ அவளைச் சுடவில்லை; அவன் மீள்வான் என வானொலி எழுந்தது. அவ்வாறே அவன் வேறொரு கலத்தில் மீண்டான். அமுதசுரபியில் முதற்பிச்சை இடும் தகுதி ஆதிரைக்கே கிடைத்தது. தன் துயரம் தீர்ந்த பின்னரும் பிறர் துயரத்துக்கு இரங்குவாளுடைய கையே பசி தீர்க்கும் பாத்திரத்தை முதலில் நிறைத்தது என்பது கருதத்தக்கது.

தன் எலும்பைக் கண்டவன்

காலமும் உறவும் பற்றிய சாத்தனாரின் சிந்தனை முழுமை பெறுவது ஆபுத்திரன் வரலாற்றில். பெற்ற தாய் சாலி அவனைக் கைவிட்டாள்; ஓர் ஆ ஏழுநாள் பாலூட்டியது; இளம்பூதி என்னும் அந்தணன் எடுத்து வளர்த்தான். வேள்விக்குரிய ஆவை விடுவிக்க முயன்றமையால் வளர்த்தவனும் அவனைத் துறந்தான். இவ்வாறு உறவு ஒவ்வொன்றும் அறுந்துபோனவனுக்குச் சிந்தாதேவி அமுதசுரபியை அளித்தாள். உறவில்லாதவன் பசித்தோர் அனைவருக்கும் உறவினன் ஆனான்.

பின்னர் இந்திரன் செயலால் பாண்டிநாடு செழித்து, உண்பாரின்றிப் பாத்திரம் பயனற்றுப்போக, பசியால் மக்கள் வாடும் சாவகநாடு நோக்கி அவன் கலமேறினான். காற்று மாறிக் கலம் மணிபல்லவத்திலே தங்கியது. அவன் இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என எண்ணி மாலுமிகள் பாய்விரித்துச் சென்றனர். மக்கள் வழங்காத தீவிலே, பல்லாயிரவர்க்கு உணவளிக்கும் பாத்திரத்தை ஏந்தி அவன் தனியே நின்றான். பலரை ஊட்டுவதற்கான பாத்திரத்தால் தன்னொருவனை மட்டும் ஓம்புதல் தகாதெனக் கருதி, ஆண்டுதோறும் ஒருநாள் வெளிப்பட்டு, அருளுடையார் வருவாராயின் அவர் கை சேர்க என்று அதனைக் கோமுகியில் விட்டான். உண்ணாது உயிர் துறந்தான். வைகாசி விசாகத்தன்று அப்பாத்திரம் தோன்றும் என்பது காப்பியச் செய்தி. மணிமேகலை அதனைப் பெற்றதும் அந்நாளிலேயே.

ஆபுத்திரன் சாவகநாட்டிலே மறுபிறப்பெய்திப் புண்ணியராசன் என்னும் அரசனானான். மணிமேகலையின் சொற்கேட்டு அவன் மணிபல்லவம் வந்து பீடிகையைக் கண்டு பழம்பிறப்பு உணர்ந்தான். அப்பொழுது தீவதிலகை அவனுக்குக் காட்டியவை இரண்டு. ஒன்று, மணல்மேட்டின் கீழ்க் கிடந்த அவனுடைய பழைய உடலின் எலும்புகள். மற்றொன்று, புன்னைமரத்தின் கீழ்க் கிடந்த வேறு சிலருடைய எலும்புகள். அவனை மறந்து சென்ற கலத்தில் வந்த வணிகர் ஒன்பதின்மர், பின்னர் அவனைத் தேடித் திரும்பினர். அவன் இறந்தமை கண்டு தாமும் உண்ணாது மாய்ந்தனர். அவர்களை நம்பி வாழ்ந்தோரும் உடன் மடிந்தனர்.

இப்பகுதி மிக நுணுகி நோக்கற்பாலது. வணிகர் செய்தது கொலையன்று, கவனக்குறைவு. ஒருவனை எண்ணாமல் விட்டுச் சென்ற ஓரிரவு பல உயிர்களின் முடிவாயிற்று. அவர்கள் திரும்பி வந்தமை அவர்தம் நன்மையைக் காட்டும். ஆயினும் காலம் அவர்களுக்காக நின்று காத்திருக்கவில்லை. ஆபுத்திரனோ இப்பொழுது வேறோர் உடலில், வேறொரு நாட்டிற்கு அரசனாக வந்து, தனக்காக இறந்தவர்களின் எலும்புகளை முதன்முறையாகக் காண்கின்றான். அவர்கள் தனக்கு இவ்வளவு உறவினர் என்பதை அவன் அறிவதற்கு ஒரு பிறவி கழியவேண்டியிருந்தது. தன் உடலின் எலும்பைக் காண்டல் நிலையாமையை உணர்த்தும். பிறருடைய எலும்பைக் காண்டல் கடமையை உணர்த்தும். இரண்டையும் ஒரே மணற்கரையிற் காட்டியமை சாத்தனாரின் புலமைத்திறம்.

கலங்கி நின்ற அரசனுக்கு மணிமேகலை கூறியது துறவு அன்று. மன்னுயிர்க்கு உணவும் உடையும் உறைவிடமும் அளித்தலே அறம் என்றாள். அவளைப் பிரிந்து செல்ல ஆற்றேன் என்று அவன் தயங்கியபொழுது, அவனைக் காணாது அவனுடைய நாடு அழும் என்று கூறி, கலமேறிச் செல்லுமாறு பணித்தாள். இறந்தோர்க்குச் செலுத்தவேண்டிய கடனை உயிருள்ளோர்க்கே செலுத்துதல் இயலும் என்பதே அவ்வறிவுரையின் சாரம்.

கடலிற் போன மகவு

மணிபல்லவத்தோடு தொடர்புடைய இன்னொரு துயரம் பீலிவளையுடையது. நாகநாட்டு இளவரசியாகிய அவள் புகாரிலே சோழன் நெடுமுடிக்கிள்ளியோடு ஒரு திங்கள் வாழ்ந்து, சொல்லாமற் பிரிந்தாள். பின்னர் தான் பெற்ற மகவோடு மணிபல்லவம் வந்து பீடிகையை வணங்கி, அங்கே தங்கிய கம்பளச்செட்டியின் கலத்திலே குழந்தையைத் தந்தையிடம் சேர்க்குமாறு ஒப்படைத்தாள். அன்றிரவே கலம் கவிழ்ந்தது. குழந்தை என்னாயிற்றென்பது தெரியவில்லை. மகனைத் தேடி அலைந்த மன்னன் இந்திரவிழாவை மறந்தான். புகாரைக் கடல் கொண்டது.

தந்தை முகம் காணாத குழந்தை ஒன்றின் இழப்பும் ஒரு பெருநகரத்தின் அழிவும் ஒரே தொடரிலே பிணைக்கப்பட்டுள்ளன. பத்துப்பாட்டிற்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் கூறும் வேறொரு மரபிலே, நாகர்குலப் பெண் பெற்ற சோழன் மகவு தொண்டைக்கொடி அடையாளத்தோடு கடலில் விடப்பட்டு, திரையால் கரைசேர்ந்து அரசனாயிற்று. மக்கள் நினைவு காப்பியத்தின் முடிவை ஏற்க மறுத்து, குழந்தையைக் கரைசேர்த்துக்கொண்டது போலும். கடலிற் போனவர் எங்கோ கரையேறியிருப்பர் என்னும் நம்பிக்கை கடற்கரை மக்களுக்கு எளிதில் விட்டுப்போவதன்று.

கல்லிற் பொறித்த கடமை

காப்பியம் கூறுவன கற்பனை என்று ஒதுக்குவாருக்கு நயினாதீவிலேயே ஒரு விடை கல்லிற் பொறிக்கப்பட்டுள்ளது. நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டு, 1153 முதல் 1186 வரை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணையாகும். கா. இந்திரபாலா இதனை ஆராய்ந்து 1963ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில் வந்து தங்கவேண்டும், அவர்கள் காக்கப்படவேண்டும் என்பது அவ்வாணை. ஊராத்துறை என்பது இக்காலத்து ஊர்காவற்றுறையே. யானையும் குதிரையும் கொணரும் கலம் கெட்டால் நான்கிலொரு பங்கு பண்டாரத்துக்கும் எஞ்சிய மூன்று பங்கு உடையவனுக்கும் சேரும். வாணிகச் சரக்கேற்றிய கலம் கெட்டால் பாதி பண்டாரத்துக்கும் பாதி உடையவனுக்கும் சேரும் என்று அது வகுக்கின்றது.

கலம் கெடுதல் இக்கடலிலே எத்துணை வழக்கமாயிருந்ததென்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. சாதுவனுடைய கலமும் கம்பளச்செட்டியின் கலமும் கவிழ்ந்தமை காப்பியப் புனைவாயினும், அத்தகைய கேடுகளை எதிர்நோக்கி அரசன் ஒருவன் சட்டம் வகுக்கவேண்டியிருந்தது. கரையொதுங்கிய பொருளுக்கு உடையவன் ஒருவன் உண்டு, அவன் அயலானாயினும் அவனுக்குரியது மீளவேண்டும் என்னும் எண்ணமே அவ்வாணையின் அடிப்படை. காப்பியம் அருளாற் கூறியதைக் கல்வெட்டு கணக்காற் கூறுகின்றது. கடல் கொண்டுபோனதிலே எஞ்சியதற்குப் பொறுப்பேற்றல் இரண்டிற்கும் பொது.

நெடுந்தீவிலுள்ள வெடியரசன் கோட்டை என வழங்கும் இடிபாடும் இத்தகையதொரு நினைவையே தாங்கி நிற்கின்றது. கண்ணகிக்குச் சிலம்பு செய்தற்கு நாகமணி வேண்டிக் கடலோடிய மீகாமனோடு வெடியரசன் பொருதான் என்பது ஈழத்துக் கண்ணகி கதைமரபு. சிலப்பதிகாரத்தில் இல்லாத இப்பகுதியை ஈழத்தார் தம் கடலையும் தம் தீவையும் கொண்டு நிரப்பிக்கொண்டனர். காலத்தாலும் இடத்தாலும் தொலைவிலிருந்த ஒரு பெண்ணின் துயரத்தைத் தமது உறவாக்கிக்கொண்ட முறை அது.

இற்றைத் தீவகம்

மணிபல்லவக் கதைகள் எழுப்பும் வினாக்கள் தீவக மக்களின் அண்மைக்கால வாழ்விலும் எழுந்தன. 1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிற் சென்றோர் பலர், குழந்தைகளும் உட்பட, நடுக்கடலிலே வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டனர். 1990ஆம் ஆண்டளவில் போரின் காரணமாகத் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையினராக இடம்பெயர்ந்தனர். அவருட் பலர் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடியேறினர். வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் கூரையிழந்த கல்வீடுகள் ஆலும் அரசும் வேரோட நின்றன. பிள்ளைகள் ஒரு கண்டத்திலும் பெற்றோர் மற்றொரு கண்டத்திலுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. பேரன் பேத்தியரின் மொழி பாட்டிக்கு விளங்காமற்போன இல்லங்களும் உள.

உறவின் பெயர் நின்று உறவாடும் வழி அற்றுப்போகும் இந்நிலை, மணிபல்லவக் கரையில் விழித்தெழுந்த மணிமேகலையின் நிலையோடு ஒத்தது. இதற்குக் காப்பியம் காட்டும் வழி பழைய நாளை மீட்டெடுத்தல் அன்று. மணிமேகலை காஞ்சியை அடைந்தபொழுது, மணிபல்லவத்திலுள்ளன போன்ற பொய்கையும் பொழிலும் அந்நகரிலே அமைக்கப்பட்டிருந்தன. அங்கே பீடிகை அமைத்து, பசித்தோர்க்கு உணவளித்தாள். இடத்தைக் கொண்டுசெல்ல இயலாது. இடம் கற்பித்த செயலைக் கொண்டுசெல்ல இயலும். இலண்டன் மாநகரிலே நாகபூசணி அம்மன் பெயராற் கோயில் எழுந்தமை இப்பழைய வழியிற் சென்றோர் செயலே. ஆனி மாதத்து மகோற்சவத்திற்குக் குறிகட்டுவான் துறையிற் படகேறி நயினாதீவு சேரும் மக்களுள் கடல் கடந்து குடியேறியோரும் உளர். அங்கே வருவோர்க்கெல்லாம் சோறிடும் மண்டபம் அமுதசுரபி என்னும் பெயர் பூண்டு நிற்கின்றது. பந்தியிலே அருகருகே அமர்வோர் ஒருவரையொருவர் அறியாராயினும் உணவு அவர்களை வேறுபடுத்துவதில்லை.

சாத்தனார் காலத்தை வெல்லும் வழி எதனையும் கூறவில்லை. இறந்தவர் மீளார், மீண்டு வந்தாலும் பழைய பெயரோடு வாரார், தேடி வருவோரும் சிலபொழுது பிந்தியே வருவர். ஆயினும் உறவினால் எழுந்த அன்பு, உறவு அழிந்தபின் வீணாகவேண்டியதில்லை என்பதை அவர் தெளிவுறக் காட்டினார். ஆபுத்திரன் தன் எலும்பின் முன்னே நின்று கற்றது அதுவே. தாயாற் கைவிடப்பட்டு, வளர்த்தவனாற் துறக்கப்பட்டு, உடன்வந்தோரால் மறக்கப்பட்ட ஒருவன் விட்டுச்சென்ற பாத்திரம், அவன் அறியாத ஒருத்தியின் கையிலே ஏறி, அவன் காணாத ஊரின் பசியைத் தீர்த்தது. காலம் உறவின் பெயர்களைக் கொண்டுபோகும். பசித்த வாய்க்கு இட்ட சோற்றின் பயனை அது கொண்டுபோவதில்லை.